கிட்னி பாதிப்பில் எடைக் குறைப்பு: குறைவது கொழுப்பா, தசையா, நீரா?

#1 மணப்பாறை_மகள்

வணக்கம். அப்பாவுக்காகக் கேட்கிறேன். வயது 58, உயரம் 165 செ.மீ., எடை 84 கிலோ. சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. கடைசி ரிப்போர்ட்டில் கிரியாட்டினின் (ரத்தத்தில் தேங்கும் தசைக் கழிவு) 2.0, இஜிஎஃப்ஆர் (கிட்னி வடிகட்டும் திறன்) 38, பொட்டாசியம் 5.3, பைகார்பனேட் 20. சிறுநீரில் புரதம் போகிறது. டயாலிசிஸ் இல்லை. பிரஷருக்கு டெல்மிசார்டன், சர்க்கரைக்கு கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின் சாப்பிடுகிறார். எடையைப் பத்து கிலோ குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

வீட்டில் ஆளுக்கொரு யோசனை. அரிசியை நிறுத்திவிட்டுக் கம்பு, ராகிக்கு மாறு, காலையில் வாழைத்தண்டு ஜூஸ், தினம் ஆறு முட்டை வெள்ளைக்கரு, ராத்திரி பட்டினி, இந்துப்பு. இதில் எதை எடுப்பது, எதை விடுவது? கணக்கோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

#2 உணவியல்_செல்வி (சிறுநீரகப் பிரிவு டயட்டீஷியன்)

கணக்கிலிருந்தே தொடங்குவோம்.

84 கிலோவை வைத்துப் புரதத்தைக் கணக்கிடக் கூடாது. கூடுதலாக இருப்பதில் பெரும்பகுதி கொழுப்பு, அதற்குப் புரதம் தேவையில்லை. நம் ஊர் உடலுக்கு பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) 23 என்று வைத்தால் 165 செ.மீ. உயரத்துக்கு வருவது 62 - 63 கிலோ. கிலோவுக்கு 0.8 கிராம் வீதம் நாளுக்கு 50 கிராம் புரதம். உலக அளவில் சிறுநீரக நோய்க்கு வழிகாட்டும் கேடிஐஜிஓ அமைப்பின் 2024 வழிகாட்டுதல், நோயின் மூன்றாம் நிலை (உங்கள் அப்பா இருப்பது) முதல் ஐந்தாம் நிலை வரை, டயாலிசிஸ் இல்லாதவர்களுக்குச் சொல்வதும் இந்த 0.8தான். 1.3-க்கு மேல் போகவே கூடாது என்றும் சொல்கிறது. டயாலிசிஸ் தொடங்கியவர்களுக்கு 1.0 - 1.2 வேண்டும். ஆகவே டயாலிசிஸில் இருக்கும் பக்கத்து வீட்டுக்காரரின் டயட் சார்ட்டை வாங்கிப் பின்பற்ற வேண்டாம்.

கலோரி: அதே 62.6 கிலோவுக்கு 25 வீதம் சுமார் 1,550. அதிகம் நடமாடாத 84 கிலோ ஆணுக்கு நாளுக்கு 2,000-க்குச் சற்று மேல் செலவாகும். 500 கலோரி பற்றாக்குறை என்றால் வாரத்துக்கு அரை கிலோவுக்குள் குறையும். பத்து கிலோவுக்கு ஆறேழு மாதம் ஆகும். இதை மூன்று மாதத்தில் முடிக்கப் பார்த்தால் கரைவது தசை. கலோரி மிகவும் குறைந்துவிட்டால் சாப்பிடும் புரதத்தையே உடல் எரிபொருளாக எரித்துவிடும். அந்தக் கழிவு யூரியாவாகி ரத்தத்தில் ஏறும். புரதத்தை அளவாகக் கொடுத்ததன் பலனும் அதோடு போய்விடும்.

ஒரு நாள் மாதிரி:

காலை: மூன்று இட்லி, அரை கப் சாம்பார், கொஞ்சமாகக் கொத்தமல்லிச் சட்னி.
பதினொரு மணி: ஒரு ஆப்பிள் அல்லது பேரிக்காய்.
மதியம்: 85 கிராம் அரிசி (வேகும் முன் எடை), 25 கிராம் பருப்பில் கூட்டு, 150 கிராம் காய்ப் பொரியல், 40 கிராம் மீன், 100 மி.லி. தயிர்.
மாலை: 75 மி.லி. பாலில் சர்க்கரை இல்லாத டீ, ஒரு கைப்பிடி பொரி, இரண்டு துண்டு அன்னாசி.
இரவு: 50 கிராம் கோதுமை மாவில் இரண்டு சப்பாத்தி, தேங்காய் இல்லாத காய்க் குருமா, ஒரு முட்டை வெள்ளைக்கரு.
எண்ணெய்: நாள் முழுவதற்கும் நான்கு டீஸ்பூன்.

இது சுமாராக 1,500 கலோரி, 50 கிராம் புரதம். அசைவம் இல்லாத நாளில் மீனுக்குப் பதில் 40 கிராம் பனீர் வைக்கலாம்.

ஆறு முட்டை வெள்ளைக்கரு மட்டுமே 21 கிராம் புரதம். அதைச் சேர்த்தால் மீன், தயிர், பருப்பு மூன்றையும் எடுக்க வேண்டியிருக்கும். ஒன்று போதும்.

#3 வடிகஞ்சி

சமையலறை வேலையை நான் எழுதுகிறேன்.

உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள். தலை தட்டிய ஒரு டீஸ்பூன் உப்பே 6 கிராம் வரும், ஆகவே முழு டீஸ்பூன் கிடையாது. வீட்டில் எவ்வளவு போகிறது என்று தெரிந்துகொள்ள எளிய வழி: ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும் தேதியை அதன்மேலேயே எழுதுங்கள். நான்கு பேர் வீட்டில் முப்பது நாளில் தீர்ந்தால் ஆளுக்கு நாளுக்கு 8 கிராமுக்கு மேல். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய், பிஸ்கட், கடைப் பொடிகள் எல்லாம் இதற்கு மேல்.

அப்பாவுக்கு மூடியுள்ள சின்ன டப்பா ஒன்றில் காலையிலேயே 3.5 கிராம் உப்பை எடைபோட்டு வையுங்கள். நகை எடை பார்க்கும் சின்னத் தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. குழம்பையும் பொரியலையும் உப்பில்லாமல் இறக்கி, அவர் பங்கை எடுத்த பிறகு மற்றவர்களுக்கு உப்புப் போடுங்கள். அவர் தட்டில் மேலாகத் தூவிக்கொள்ளட்டும். உள்ளே கரைந்த உப்பைவிட மேலே தூவியது நாக்கில் தூக்கலாகத் தெரியும், குறைந்த அளவே போதும். இட்லி மாவிலும் அவருக்கென்று ஒரு கிண்ணம் உப்பில்லாமல் தனியே எடுத்து வைக்க வேண்டும். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். முதல் இரண்டு மூன்று வாரம் சப்பென்றுதான் இருக்கும். எலுமிச்சை, மிளகு, சீரகம், பெருங்காயம், கறிவேப்பிலை அந்த இடத்தை நிரப்பும்.

அடுத்து, அப்பாவுக்கு 5.3 என்று கூடுதலாக இருக்கும் பொட்டாசியம். காயை ராத்திரி முழுக்க ஊறவைத்தால் போய்விடும் என்று பலர் எழுதுகிறார்கள். வெறும் ஊறலில் போவது சொற்பம், கொதியில்தான் இறங்கும். உருளைக்கிழங்கைக் கட்டம் கட்டமாக நறுக்கி நிறைய நீரில் வேகவைத்து வடித்தால் பாதியளவு போகும். துருவி வேகவைத்தால் முக்கால் பங்கு வரை போகும். சேனை, கருணை, கேரட், பீட்ரூட், கீரை எல்லாவற்றுக்கும் இதே முறைதான்: பொடியாக நறுக்கு, பெரிய பாத்திரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது போடு, வெந்ததும் வடித்து நீரைக் கொட்டிவிடு, பிறகு தாளி. குக்கரில் கொஞ்சம் தண்ணீர் வைத்து வேகவைத்தால் பொட்டாசியம் எங்கும் போகாது, அதே குழம்பில் இருக்கும். வடித்த நீரில் சூப் வைத்தாலும் அப்படியே.

எல்லாக் காயையும் இப்படிப் பிழிந்தெடுக்க வேண்டாம். சுரை, புடலை, பீர்க்கை, சௌசௌ, முட்டைகோஸ் ஆகியவற்றில் இயல்பிலேயே குறைவு. வாரத்தில் ஐந்து நாள் இவை இருந்தால் வேலையே மிச்சம்.

#4 மணப்பாறை_மகள்

நன்றி. அப்படியானால் இந்துப்பு? கடையில் "சோடியம் குறைந்த உப்பு" என்று ஒரு பாக்கெட்டும் விற்கிறார்கள்.

#5 மருந்துச்சீட்டு (மருந்தாளுநர்)

இந்துப்பில் ஏறக்குறைய முழுவதும் சோடியம் குளோரைடுதான், சாதா உப்பும் அதுவும் கிட்டத்தட்ட ஒன்றே. "கிட்னிக்கு நல்லது" என்று நம்பித் தாராளமாகப் போடுவதால் உள்ளே போகும் சோடியம் கூடித்தான் போகிறது.

சோடியம் குறைந்த உப்பு உங்கள் அப்பாவுக்கு உண்மையிலேயே ஆபத்து. குறைத்த சோடியத்துக்குப் பதிலாக அதில் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கிறார்கள். இரத்தத்தில் பொட்டாசியம் 5.3 இருப்பவர், மேலே அதை ஏற்றக்கூடிய டெல்மிசார்டன் வேறு. அந்தப் பாக்கெட் வீட்டுக்குள் வரவே வேண்டாம்.

வாழைத்தண்டு ஜூஸ், இளநீர், அருகம்புல் சாறு, பச்சைக் கீரை ஸ்மூத்தி எல்லாம் ஒரே வகைதான். ஒரு பெரிய இளநீரில் 600 மி.கி.க்குக் குறையாமல் பொட்டாசியம் இருக்கும், நடுத்தர வாழைப்பழத்தில் 400. பசலை போன்ற கீரைகளைப் பச்சையாக அரைத்துத் தினமும் குடித்தால் ஆக்சலேட் படிந்து சிறுநீரகம் சட்டென்று பழுதாகலாம், இது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. எடையும் கொழுப்பும் குறையும் என்று குடிக்கும் புளிச்சக்காய்ச் சாறும் (பிலிம்பி) அதே காரியத்தைச் செய்யும். நட்சத்திரப் பழம் எனப்படும் ஸ்டார் ஃப்ரூட்டில் நரம்பைத் தாக்கும் நச்சு உண்டு. நல்ல கிட்னி அதை வெளியேற்றிவிடும், பழுதானது வெளியேற்றாது. விக்கல், குழப்பம், வலிப்பு வரை போகும். ஒரு துண்டுகூட வேண்டாம்.

மாத்திரை விஷயம் தனியாக எழுத வேண்டும், நீளமானது. மாலையில் வருகிறேன்.

#6 சிறுதானியப்_பிரியன்

அரிசியை நிறுத்தாமல் எப்படி எடை குறையும்? கம்பங்கூழும் ராகிக் களியும் சாப்பிட்ட தலைமுறைக்கு இந்த வியாதியே இல்லை. அரிசி வெறும் சர்க்கரை.

#7 உணவியல்_செல்வி

சார், சர்க்கரை நோய்க்குத் தவிட்டோடு இருக்கும் தானியம் நல்லது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கிட்னி நோயாளிக்கு இரண்டு கணக்கு கூட வருகிறது.

ஒன்று, கலோரி. 100 கிராம் அரிசியிலும் 100 கிராம் கம்பிலும் ஏறத்தாழ ஒரே கலோரிதான். எடை குறைவது தட்டில் விழும் அளவால். இரண்டு, ராகியிலும் கம்பிலும் பழுதான கிட்னி வெளியேற்றத் திணறும் பொட்டாசியமும் பாஸ்பரஸும் வெள்ளை அரிசியைவிடப் பல மடங்கு. தானியத்தின் பாஸ்பரஸ் பைட்டேட் என்ற சேர்மமாகப் பிணைந்திருப்பதால் பாதிக்கும் குறைவாகவே உடலில் சேரும் என்பது உண்மை. ஆனால் கூழைப் புளிக்கவைக்கும்போது அந்தப் பிணைப்பு உடைகிறது, சேரும் அளவு கூடுகிறது. இட்லி மாவிலும் இது நடக்கும், அங்கே அரிசி கூடுதல் என்பதால் மொத்தம் சிறிது.

ஆகவே பொட்டாசியம் 5.0-க்குக் கீழே வந்து, பாஸ்பரஸும் சரியாக இருந்தால் வாரத்தில் இரண்டு மூன்று வேளை ராகி தோசை, வரகரிசிச் சாதம் வைத்துக்கொள்ளலாம். இப்போதைக்கு வேண்டாம்.

பாஸ்பரஸில் பயப்பட வேண்டியது வேறிடத்தில் இருக்கிறது. பாக்கெட் உணவில் சேர்க்கும் பாஸ்பேட் உப்புகள் 90 சதவீதம் வரை அப்படியே ரத்தத்தில் ஏறும். பொருட்பட்டியலில் 338 முதல் 341 வரை, 450, 451, 452 என்ற எண்களைப் பாருங்கள். கோலா பானம், பதப்படுத்திய சீஸ், சாசேஜ், நக்கெட்ஸ், சில கேக்குகளில் கிடைக்கும். 508 என்று இருந்தால் அது பொட்டாசியம் குளோரைடு.

#8 மருந்துச்சீட்டு

சொன்னபடி, மாத்திரை.

சாப்பாட்டைக் குறைத்து மாத்திரையை அப்படியே விட்டால் முதல் வாரத்திலேயே தாழ்சர்க்கரை வரலாம். கிளிமிபிரைடு சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும். கிட்னி பழுதானால் இன்சுலின் உடலில் தங்கும் நேரமும் கூடும். டயட்டைத் தொடங்கும் முன் டாக்டரிடம் போய் "இன்றிலிருந்து 500 கலோரி குறைக்கிறோம், டோஸை மாற்ற வேண்டுமா" என்று கேளுங்கள். ராத்திரி பட்டினி என்ற யோசனை இந்த மாத்திரையோடு சேரவே சேராது, விடிகாலையில் மயங்கி விழுவார்கள்.

சர்க்கரை 70-க்குக் கீழே போனால் ஆரஞ்சு ஜூஸோ இளநீரோ கொடுக்காதீர்கள், இரண்டிலும் பொட்டாசியம். மூன்று டீஸ்பூன் சர்க்கரை அல்லது 15 கிராம் குளுக்கோஸ் பொடியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்.

டாபாகிளிஃப்ளோசின் கிட்னிக்குப் பாதுகாப்புத் தரும் நல்ல மருந்து. ஆனால் மாவுச்சத்தை அடியோடு நிறுத்தும் கீட்டோ டயட்டோ நீண்ட பட்டினியோ சேர்ந்தால் ரத்தத்தில் அமிலம் ஏறும். குளுக்கோமீட்டரில் 180 என்று சாதாரணமாகக் காட்டும்போதே இது நடக்கலாம் என்பதுதான் சிக்கல். வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்கல் என்றால் மீட்டரை நம்பாமல் உடனே ஆஸ்பத்திரி. அரிசியை அளக்கலாம், அடியோடு நிறுத்த வேண்டாம் என்பதற்கு இதுவும் காரணம்.

மெட்ஃபார்மின்: இஜிஎஃப்ஆர் 45-க்குக் கீழே வந்தால் டோஸைப் பாதியாக்குவது வழக்கம், 30-க்குக் கீழே நிறுத்த வேண்டும். 38-ல் நாளுக்கு 1,000 மி.கி.க்கு மேல் போகிறதா என்று சீட்டைப் பாருங்கள்.

வாந்தி, பேதி, கடும் காய்ச்சல் என்று தண்ணீர் இறங்காத நாளில் டெல்மிசார்டன், மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின் இவற்றில் எதை நிறுத்தி வைக்க வேண்டும், எப்போது திரும்பத் தொடங்க வேண்டும் என்பதை இப்போதே டாக்டரிடம் எழுதி வாங்கி வையுங்கள். அதே சமயம், பொட்டாசியம் 5.3 என்று பார்த்துவிட்டு டெல்மிசார்டனை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது.

நடக்கத் தொடங்கியதும் முட்டி வலிக்கும். டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன், அசெக்ளோஃபினாக் எதுவும் கூடாது. பாராசிட்டமால், வெந்நீர் ஒத்தடம்.

#9 தாம்பரம்_மணி

எடை குறைய ஊசி வந்திருக்கிறதே, செமாகுளுடைடு. அது இவருக்கு ஆகுமா?

#10 மருந்துச்சீட்டு

கேட்க வேண்டிய கேள்விதான். 2024-ல் வெளியான ஃப்ளோ ஆய்வு சர்க்கரையும் சிறுநீரக நோயும் சேர்ந்த, இவரைப் போன்றவர்களிடமே நடந்தது. வாரம் 1 மி.கி. செமாகுளுடைடு, பெரிய சிறுநீரக விளைவுகளையும் இதய, சிறுநீரக மரணங்களையும் சேர்த்துப் பார்த்ததில் 24 சதவீதம் குறைத்தது. டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும், விலையும் ஒரு தடை. போடுவதானால் இரண்டு எச்சரிக்கை: வாந்தி வந்து நீர் வற்றினால் கிரியாட்டினின் ஏறும்; பசி அடங்குவதால் 50 கிராம் புரதமும் இறங்காது, தசை போகும். கிளிமிபிரைடையும் கூடவே குறைக்க வேண்டியிருக்கும்.

#11 சோதனைக்குழாய் (ஆய்வகத் தொழில்நுட்பர்)

இழை முழுக்க 5.3-ஐ வைத்தே பேசுகிறோம். அந்த எண் சரிதானா என்று முதலில் பாருங்கள். கையில் பட்டை கட்டி, "விரலை மடக்கி மடக்கி விரியுங்கள்" என்று சொல்லி எடுத்த ரத்தத்தில் பொட்டாசியம் பொய்யாக ஏறும். அணுக்கள் உடைந்த மாதிரியிலும், நேரம் கழித்துப் பிரித்த மாதிரியிலும் ஏறும். கையைத் தளர விட்டு, ஒரு வாரத்துக்குள் மறுபடி எடுங்கள்.

ரத்தத்தின் அமிலத்தைச் சமன்செய்யும் பைகார்பனேட் 20 என்பது குறைவு. ரத்தத்தில் அமிலம் கூடினால் பொட்டாசியம் ஏறும், தசையும் கரையும். பைகார்பனேட் மாத்திரை வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். வீட்டு ஆப்பசோடாவைக் கரைத்துக் குடிக்க வேண்டாம், அதன் சோடியம் கணக்கில்லாமல் போகும்.

டயட் உண்மையில் கடைப்பிடிக்கப்படுகிறதா என்பதை 24 மணி நேரச் சிறுநீர் சொல்லிவிடும். சோடியம் 90 மில்லிமோலுக்குள் இருந்தால் உப்பு 5 கிராமுக்குள். புரதத்துக்கு யூரியா நைட்ரஜன் பார்க்க வேண்டும். நம் ஊர் ஆய்வகங்கள் பல யூரியா என்றே தரும், அதை 2.14-ஆல் வகுத்தால் யூரியா நைட்ரஜன். அதோடு எடை × 0.031 கூட்டி, 6.25-ஆல் பெருக்கினால் சாப்பிட்ட புரதம். உதாரணமாக யூரியா நைட்ரஜன் 8 கிராம் வந்தால்: 84 × 0.031 = 2.6, கூட்டினால் 10.6, பெருக்கினால் 66 கிராம். 50 என்று நினைத்துச் சாப்பிட்டவர் 66 சாப்பிட்டிருக்கிறார் என்று பொருள். சேகரிக்கும்போது காலை முதல் சிறுநீரைக் கழித்துவிட்டு நேரத்தைக் குறியுங்கள், மறுநாள் அதே நேரம் கழிப்பதைச் சேர்த்து முடியுங்கள். ஒரு முறை தவறினாலும் கணக்கு பொய்.

இன்னொன்று, மிக முக்கியம். கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. தசை கரைந்தால் கிரியாட்டினின் 2.0-லிருந்து 1.7-க்கு இறங்கும், இஜிஎஃப்ஆர் கூடும், வீடே சந்தோஷப்படும். கிட்னி துளியும் மாறியிருக்காது. வேகமாக எடை குறைந்தவர்களுக்கு, தசையை அவ்வளவாகச் சாராத சிஸ்டாட்டின் சி என்ற ரத்தப் பரிசோதனை பார்த்தால் உண்மை தெரியும். அதைத் தைராய்டும் ஸ்டீராய்டும் மாற்றும் என்பதால் டாக்டரிடம் அவற்றையும் சொல்லிவிடுங்கள்.

#12 நடைக்கோல் (பிசியோதெரபிஸ்ட்)

அந்தக் கடைசிப் பத்திக்காகவே வந்தேன். தராசு ஒரே எண்ணைத்தான் காட்டும், குறைந்தது எது என்று சொல்லாது.

காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடும் முன், அதே உடையில் எடை பாருங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது நீர், கொழுப்பு அந்த வேகத்தில் ஏறாது. கணுக்காலில் விரலை அழுத்தி எடுத்தால் குழி நிற்கிறதா பாருங்கள், டாக்டருக்குச் சொல்லுங்கள். உப்பைக் குறைத்த முதல் பத்து நாளில் இறங்கும் கிலோவும் நீர்தான், அதைப் பார்த்துச் சாப்பாட்டை மேலும் குறைக்க வேண்டாம்.

வாரம் ஒருமுறை தொப்புள் மட்டத்தில் இடுப்பளவு. மாதம் ஒருமுறை கெண்டைக்கால் சுற்றளவு, பெருத்த இடத்தில். இடுப்பு குறைந்து கெண்டைக்கால் அப்படியே இருந்தால் போவது கொழுப்பு. கெண்டைக்கால் ஆணுக்கு 34 செ.மீ.க்குக் கீழே போனால் தசை குறைகிறதா என்று பார்க்க வேண்டும். கால் வீங்கியிருந்தால் இந்த அளவு பயன்படாது. அப்போது கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள், 12 விநாடிக்கு மேல் ஆனால் கவனம் தேவை.

நடை மட்டும் தசையைக் காக்காது. வாரம் மூன்று நாள் நாற்காலியில் எழுந்து உட்காருவது பத்துப் பத்தாக மூன்று சுற்று, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, ரப்பர் பட்டை இழுப்பது. மற்ற நாள் முப்பது நிமிட நடை. கால் மரத்துப்போயிருந்தால் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. ஜிம்மில் புரதப் பொடி கொடுப்பார்கள், ஒரு கரண்டியில் ஏறத்தாழ 24 கிராம், நாள் அளவில் பாதி. வாங்காதீர்கள்.

#13 மணப்பாறை_மகள்

எல்லாவற்றையும் நோட்டில் எழுதிவிட்டேன். மூன்று சின்னக் கேள்விகள். தண்ணீர் எவ்வளவு? மலச்சிக்கல் இருக்கிறது, பழம் குறைந்தால் கூடாதா? அடுத்த மாதம் ஒரு கல்யாணம், பந்தியில் என்ன செய்வது?

#14 உணவியல்_செல்வி

வீக்கம் இல்லை, டாக்டர் கட்டுப்பாடு சொல்லவில்லை என்றால் தாகத்துக்குக் குடித்தால் போதும். வெயில் காலத்தில் கொஞ்சம் கூடும். நான்கு லிட்டர் குடித்தால் கிட்னி சுத்தமாகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. மூன்றாம் நிலை நோயாளிகளைக் கூடுதலாகத் தண்ணீர் குடிக்கவைத்துக் கனடாவில் ஓராண்டு பார்த்த ஆய்வு 2018-ல் வந்தது, இஜிஎஃப்ஆர் சரிவதில் வித்தியாசம் இல்லை.

மலச்சிக்கலை விடாதீர்கள். கிட்னி தளரும்போது குடல்வழியாகத்தான் பொட்டாசியத்தின் ஒரு பகுதி வெளியேறும், மலம் தங்கினால் அது ஏறும். ஆப்பிளைத் தோலோடு கொடுங்கள், புடலை, கோஸ் அளவைக் கூட்டுங்கள், ஒரு டீஸ்பூன் இசப்கோலை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். மெக்னீசியம் அல்லது பாஸ்பேட் உள்ள பேதி மருந்தைக் கடையில் கேட்டு வாங்க வேண்டாம்.

#15 வடிகஞ்சி

பந்திக்கு என் பதில். சாதம் ஒரு கரண்டி, அதற்குமேல் சாம்பாரில் மேலே நிற்கும் நீரை விட்டு, அடியில் இருக்கும் காயும் பருப்பும் மட்டும் கொஞ்சம். பொரியல், கூட்டு, தயிர் சாப்பிடலாம். ஊறுகாய், அப்பளம், வாழைக்காய் வறுவல், உருளை மசால் இலையில் விழும் முன்பே கையைக் காட்டி நிறுத்துங்கள், விழுந்தபிறகு விட மனம் வராது. ரசம் குடிக்க வேண்டாம், தக்காளி, புளி, பருப்புத் தண்ணீர் மூன்றின் பொட்டாசியமும் உப்பும் அதில் கரைந்திருக்கும். பாயசம் ஒரு ஸ்பூன். தாம்பூலப் பையில் வரும் வாழைப்பழம் பிள்ளைகளுக்கு.

பந்தி எப்போதும் தாமதமாகும். கிளிமிபிரைடை வீட்டிலேயே போட்டுக்கொண்டு கிளம்பாமல் சட்டைப்பையில் வைத்திருக்கட்டும். இலை போட்டுச் சாதம் விழுந்தபிறகு போட்டுக்கொண்டால் போதும். அதே பையில் ஒரு பொட்டலம் குளுக்கோஸும் இருக்கட்டும்.